எனக்கு மட்டும் கேக்காத ‘ம்’

மொதல்லயே சொல்லிடறேன், எனக்கு இந்தப் பேய், ஆவி, காத்து கருப்பு எதுலயும் நம்பிக்கை கெடையாதுங்க. சினிமாவுல அசிஸ்டென்ட் டைரக்டரா இருக்கறவன் நான், கொலுசு சத்தமெல்லாம் எப்டி பண்றாங்கன்னு தெரியும், நானே ஒரு பேய்ப் படத்துல கதவுக்குப் பின்னாடி படுத்துக்கினு கயிறு இழுத்திருக்கேன். நீங்க இப்ப சிரிக்கிறீங்க பாருங்க, உங்க எடத்துல இருந்தா நானும் சிரிப்பேன். ஆனா இது நடந்துச்சு.

உத்திரமேரூர்க்காரன்னு சொன்னாலே போதும், குடவோலைத் தேர்தல வெச்சி ஒரு சரித்திரக் கதை பண்ணேன்னுதான் எந்த புரொடியூசரும் கேப்பாரு. நான் பண்ணது கம்பெனி பஸ் ஓட்டற ஒரு டிரைவரோட கதை. அதுவும் என் பொண்டாட்டி மலர் குடுத்ததுதான். அவ ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கினு இருந்தா. விடியறதுக்கு முன்னாடி பஸ் வரும், ஏறுன உடனே பொண்ணுங்க எல்லாம் தூங்கிடும், அதுங்க தூக்கம் கலையக் கூடாதுன்னு அந்த டிரைவர் வேகத்தடை வர்ற எடத்துல எல்லாம் வண்டிய ஊர வுடுவாராம். “அந்த மனுசனப் பத்தி எழுதேன்யா”ன்னா. அப்டி ஆரம்பிச்சது.

எனக்கு ஒக்காந்து எழுத வராது, வாயால சொன்னாதான் சீன் வரும். சாயங்காலம் அவ வேலை முடிச்சி வந்து கீரை ஆஞ்சிக்கினு ஒக்காந்திருப்பா, நான் கூடத்துல நடந்துக்கினே கதை சொல்வேன், அவ ம் கொட்டுவா. சீன் நல்லா இருந்தா ம் சீக்கிரம் வரும். மொக்கையா இருந்தா வரவே வராது, திரும்பிப் பாத்தா கீரையில ரொம்பக் கவனமா இருப்பா, நானே அந்த சீனத் தூக்கிடுவேன். அன்னன்னைக்குச் சொல்றது முடிஞ்சதும் “அப்பறம்?”னு கேப்பா. “அப்பறம் நாளைக்குச் சொல்றேன், விடிஞ்சா பஸ் வந்துடும், நீ போய்ப் படு”ன்னு அனுப்பி வெப்பேன். தெனம் இதேதான்.

இன்டர்வல் வரைக்கும் சொன்னேன். அப்பறம் அவளுக்குக் காய்ச்சல் வந்துச்சு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போனேன், திரும்பி வரும்போது நான் மட்டும்தான் வந்தேன். அதப் பத்தி இதுக்கு மேல வேணாம்.

ரொம்ப நாள் அந்தக் கதையத் தொடல. அப்பறமா வேலை செஞ்ச ஒரு படத்துல பாஸ்கர்னு ஒரு அசிஸ்டென்ட் பழக்கமானான். மலர அவன் பாத்ததும் இல்ல, அவ குரலக் கேட்டதும் இல்ல. ஒரு புரொடியூசர் ஃபர்ஸ்ட் டிராஃப்ட் முழுசா இருந்தா படிக்கிறேன்னு சொன்னதும், “ஊருக்குப் போய் போன்ல பேசி ரெக்கார்டு பண்ணி அனுப்பு மச்சான், நான் டைப் பண்ணிடறேன்”னான். சரின்னு வந்து, பூட்டிக் கெடந்த வூட்டத் தொறந்து, அதே கூடத்துல, அதே சாயங்கால நேரத்துல, அவ ஒக்கார்ற எடத்துல போனை வெச்சிட்டு ஆரம்பிச்சேன். ம் கொட்ட ஆள் இல்லாம கதை சொல்றது எவ்ளோ கஷ்டம்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி நிறுத்தி செவுத்தப் பாக்கறேன். அந்த ஒரு ம்முக்கு ஏங்கிப் போய்ட்டேங்க.

மறுநாள் பாஸ்கர் போன் பண்ணான். கொரல்ல ஒரே நக்கல்.

“இன்னா மச்சான், சொல்லாம கொள்ளாம வூட்ல யாரையோ வெச்சிக்கினு கீற போல?”

“இன்னாடா ஒளர்ற?”

“ம் ம்னு ஒரு பொம்பளக் கொரல் கேக்குதே. யாருடா அது?”

போனைக் கட் பண்ணேன். ஹெட்போன் போட்டுக் கேட்டேன். என் கொரல் கேக்குது, நான் நிறுத்தற எடத்துல வெறும் ஃபேன் சத்தம். வேற ஒண்ணுமே இல்ல. திரும்பத் திரும்பக் கேட்டேன். பயந்து போய்க் கேக்கலீங்க, ஆசையில கேட்டேன். அவ மொகத்தையே பாக்காத ஒருத்தனுக்குக் கேக்குது, கட்டுனவன் எனக்குக் கேக்கல. இது என்ன நியாயம் சொல்லுங்க.

விளையாடறான்னு நெனச்சி நல்லா திட்டி வுட்டேன். ஆனா அப்பறம் ஒரு நாள் அவனே சொல்றான், “பஸ் ஸ்டாண்டு ஃபைட்ல அந்தம்மா ஒரு ம் கூட கொட்டல மச்சான், கவனிச்சியா? எனக்கும் அந்த சீன் பேஜாராத்தான் கீது, தூக்கிடேன்.” மலர் அப்டித்தான்னு அவனுக்கு நான் சொன்னதே கெடையாது. ஃபைட்டத் தூக்கிட்டு, ஹீரோயின் ஒக்கார்ற சீட்டு காலியா இருக்கறதப் பாத்துட்டு டிரைவர் ஸ்டாப்பிங்ல கொஞ்ச நேரம் சும்மா காத்துக்கினு நிக்கற மாதிரி சொல்லி அனுப்புனேன். “இதுக்கு ம் சட்டுனு வருதுடா”ன்னான்.

அதுக்கப்பறம் நான் கதைய முடிக்கவே இல்ல. கிளைமாக்ஸ் மனசுல ரெடியா இருக்கு, நான் பாட்டுக்கு டிரைவருக்கு ஒரு தங்கச்சி, தங்கச்சிக்கு ஒரு கல்யாணம்னு இழுத்துக்கினே போறேன். கதை ஓடற வரைக்கும் அவ ஒக்காந்திருப்பா இல்ல, அதுக்குத்தான். எனக்குக் கேக்கலன்னாலும் பரவால்ல, இருக்கட்டுமே. கடைசில, புரொடியூசர் வேற ஆளப் பாத்துடுவாருன்னு பாஸ்கர் கத்துனான். “நம்ம பஸ்ஸு தேட்டர்ல வருமில்ல?”ன்னு மலர் எப்பவும் கேட்டுக்கினே இருப்பா, அது ஞாபகம் வந்துச்சு. மனசக் கல்லாக்கிக்கினு அன்னைக்கி சாயங்காலம் சொல்லிட்டேன். பஸ் ஏரிக்கரை மேல போகுது, பொண்ணுங்க எல்லாம் தூங்குதுங்க, வேகத்தடையில டிரைவர் வண்டிய ஊர வுடறாரு. அவ்ளோதான்னு சொன்னேன். போனை எடுத்து ரெக்கார்டிங்க நிறுத்துனேன், அனுப்புனேன், சாப்பிடாம கொள்ளாம அப்டியே படுத்துட்டேன். எனக்கு ஞாபகம் இருக்கறது இவ்ளோதான்.

காலைல பாஸ்கர் கூப்ட்டான். இந்தத் தடவை நக்கல் இல்ல.

“மச்சான், கடைசில அந்தம்மா ‘அப்பறம்?’னு கேட்டாங்கடா. நீ பதில் சொல்ற. கேட்டுப் பாரு”ன்னான்.

கேட்டேன். நான் அவ்ளோதான்றேன். அப்பறம் ஃபேன் சத்தம். அவ கேட்டது எனக்கு அப்பவும் கேக்கல. ஆனா அதுக்குப் பின்னாடி என் கொரல் தெளிவா கேக்குது, சத்தியமா நான் பேசுனதா எனக்கு ஞாபகமே இல்ல, “அப்பறம் நாளைக்குச் சொல்றேன், விடிஞ்சா பஸ் வந்துடும், நீ போய்ப் படு.”

இப்ப ரெண்டாவது டிராஃப்ட் போய்க்கினு இருக்கு. நாளைக்குச் சொல்றேன்னு சொல்லிட்டேன் இல்ல, அதனால தெனம் சாயங்காலம் அதே எடத்துல போனை வெச்சி சொல்லி அனுப்பறேன். பாஸ்கருக்கும் இப்ப ஃபேன் சத்தம் மட்டும்தான் கேக்குதாம். போய்ப் படுன்னு சொன்னது நான்தானே, அவ என்ன பண்ணுவா.