திண்டுக்கல்லில் ஒரு சுத்தமான பொருள்

போன பங்குனியில் ஒரு சனிக்கிழமை மதுரையிலிருந்து திண்டுக்கல் போய் வந்தேன். பூட்டு வாங்கவோ பிரியாணி சாப்பிடவோ இல்லை. உள்ளங்கை அகலமுள்ள ஓர் இரும்புத் தகட்டைப் பார்க்கத்தான் போனேன்.

புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பழைய ஜப்பானிய வாள்களின் உதிரிப் பாகங்களைச் சேர்ப்பவன் நான். திரி பற்றவைத்துச் சுடும் பழைய துப்பாக்கிகளின் பித்தளை ஸ்பிரிங்குகளும் கொஞ்சம் வைத்திருக்கிறேன். முழுத் துப்பாக்கி பக்கம் போவதில்லை, அது உரிமம் சம்பந்தப்பட்ட விஷயம். வாளின் பிடிக்கும் அலகுக்கும் நடுவே, கை வழுக்காமலிருக்க ஒரு வட்டத் தகடு இருக்கும். அதற்கு ட்சுபா என்று பெயர். ஜப்பானிய வீரர்கள் பெரிய வாள் ஒன்று, சின்ன வாள் ஒன்று என்று இரண்டு வைத்துக்கொள்வார்கள். அதனால் ட்சுபாவும் சில சமயம் ஜோடியாகச் செய்யப்படும். கொக்கு பறப்பதுபோல் வெட்டிய சின்னது ஒன்றை ஏழு வருஷம் முன்பு மதுரையில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கினேன். அதன் படத்தை இந்த வலைப்பூவிலேயே போட்டிருக்கிறேன். அதன் ஜோடி எங்கேயாவது கிடைக்காதா என்று ஏழு வருஷமாக ஏங்கிக்கொண்டிருக்கிறேன்.

மாசி மாதக் கடைசியில் ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தது. “உங்க கொக்கு மாதிரியே பெருசு ஒண்ணு எங்க வீட்டுல இருக்கு. திண்டுக்கல். வரும்போது சின்னதையும் கொண்டு வாங்க.” கூடவே மங்கலாக ஒரு படம். கறுத்த தகடு, அதே கொக்கு.

சந்தோஷம் ஒரு நிமிஷம்தான். அடுத்த நிமிஷமே சந்தேகம் வந்துவிட்டது. என் படத்தைப் பார்த்து யாரோ செய்த போலியாக இருக்கலாம். அதுவும் திண்டுக்கல். இரும்பை அரத்தால் ராவி ராவியே மாங்காய்ப் பூட்டு செய்கிற ஊர். ஒரு கொக்கை வெட்ட அவர்களுக்கு இரண்டு நாள் ஆகுமா? சரி, சின்னதை எதற்குக் கொண்டு வரச் சொல்கிறார்கள்? பிடுங்கிக்கொள்ளவா? நான் யோசித்து யோசித்து இப்படிப் பதில் போட்டேன்: “பொருள் சுத்தமாக இருக்க வேண்டும். சுத்தமாக இருந்தால்தான் வருவேன்.” உடனே பதில் வந்தது. “கண்டிப்பா சுத்தமா இருக்கும் சார்.”

காலை ரயிலில் ஏறினேன். கொடைரோடு வரை டிக்கெட் 35 ரூபாய். நேராகத் திண்டுக்கல்லுக்கே போயிருக்கலாம். ஆனால் ஸ்டேஷனில் யாராவது எனக்காகக் காத்திருந்தால் என்ன செய்வது என்று 25 கிலோமீட்டர் முன்னாலேயே இறங்கிக்கொண்டேன். (சிரிக்காதீர்கள். வீட்டிலும் இப்படித்தான் சிரித்தார்கள்.) இறங்கும்போது 8.10. அங்கிருந்து பஸ், 25 ரூபாய். கொடைக்கானலுக்கு வத்தலக்குண்டு பஸ் பிடிக்க ஓடிய கூட்டத்தில், என்னை யாரும் கவனிக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டேன். சின்னதைப் பருத்தித் துணியில் சுற்றி, காலி டிபன் பாக்ஸுக்குள் வைத்திருந்தேன்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் 9.15க்கு இறங்கினேன். பேகம்பூருக்கு ஆட்டோ 80 ரூபாய். டிரைவர் பேச்சுக் கொடுத்தார்.

“என்ன சோலியா வந்திருக்கீக?”

“பழைய சாமான் பார்க்க.”

“என்ன சாமான்?”

“வாள், துப்பாக்கி… அதோட பாகம்.”

ஆட்டோ மெதுவானது. கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்தார். “அண்ணே, டிபன் பாக்ஸ்ல என்ன இருக்கு?”

“தயிர்சாதம்.”

“சரி, தெருமுக்குலயே எறங்கிக்கங்க. உள்ளாற வண்டி திரும்பாது.” தெரு அகலமாகத்தான் இருந்தது. அந்தக் காலையில் சந்தேகப் பேர்வழி நான் ஒருவன் மட்டுமில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

வீட்டுக்காரர் காதர் பாய், தோல் வியாபாரம். எனக்குச் செய்தி அனுப்பியது அவர் மனைவி மும்தாஜ். நாற்பத்தைந்து வயதிருக்கும். உட்காரச் சொன்ன கையோடு காதர் பாய் என் ஆதார் அட்டையைக் கேட்டார். வாங்கி, போனில் படம் எடுத்துக்கொண்டு, “தப்பா நெனைக்காதீங்க, காலம் அப்படி” என்றார். நான் தப்பாகத்தான் நினைத்தேன். டீ வந்தது. அவர் ஒரு வாய் குடித்த பிறகே நான் குடித்தேன்.

மும்தாஜ் வெள்ளைத் துணியில் சுற்றிய பொட்டலத்தைக் கொண்டு வந்து பிரித்தார். தகடு புது எவர்சில்வர் தட்டு மாதிரி பளபளவென்று இருந்தது.

“இது போலி” என்றேன். யோசிக்கவே இல்லை. “படத்துல கறுப்பா இருந்துச்சு. இது நேத்து ராவி எடுத்தது. என்னை ஏமாத்தத்தான் கூப்பிட்டீங்களா?”

மும்தாஜின் முகம் சிவந்துவிட்டது. இரண்டு கைகளையும் என் முன் நீட்டினார். விரல் இடுக்கெல்லாம் கறுப்பு. “யாரு சார் ஏமாத்துறா? சுத்தமா இருந்தாத்தான் வருவேன்னு நீங்கதான எழுதுனீங்க? புளி போட்டேன், போகல. சாம்பல் போட்டேன், போகல. கடைசியில உப்புத்தாள வாங்கியாந்து ரெண்டு நாளு தேய்ச்சேன். இம்புட்டு கருப்பும் என் கைக்கு வந்துருச்சு.”

நான் சுத்தம் என்று எழுதியது அசலா என்ற அர்த்தத்தில். அவர் படித்தது விளக்கி வைக்கச் சொல்லி. ட்சுபாவின் மதிப்பே அந்தக் கறுப்புத் துருவில்தான் இருக்கிறது. பல தலைமுறைகள் கைபட்டு, துணிபட்டு ஏறிய நிறம் அது. என் ஒரே ஒரு சொல்லால் அது போய்விட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

ஆனாலும் புத்தி போகுமா? தகட்டை வெளிச்சத்தில் பிடித்து, நடுத் துளைக்குள் பார்த்தேன். உப்புத்தாள் நுழையாத மூலையில் பழைய கறுப்பு அப்படியே இருந்தது. பின்பக்கம் கொக்கின் இறக்கைக்கு அடியில் மூன்று சின்ன உளிக்கொத்து. என் சின்னதிலும் அதே இடத்தில் அதே மூன்று கொத்து உண்டு. அதை நான் எந்தப் படத்திலும் காட்டியதில்லை. அசல்தான், என் கொக்கின் ஜோடியேதான்.

“இது எங்கே இருந்தது?” என்றேன்.

காதர் பாய் உள்ளறைக்கு அழைத்துப் போனார். தேக்குப் பெட்டி ஒன்று. அவருடைய அத்தா, அதாவது அப்பா, பினாங்கிலிருந்து கொண்டு வந்ததாம். பெட்டியின் முகப்பில் சாவித் துவாரத்தைச் சுற்றி, தகடு கழற்றிய வட்டத் தடம். பூட்டு ஊர்க்காரர்களுக்கு ட்சுபா என்றால் என்ன தெரியும்? நடுவில் துளையுள்ள தகடு, சாவி நுழைகிறது, அவ்வளவுதான். அதற்கு மேலே, மூடியில், இன்னொரு வட்டத் தடம் வெளிறித் தெரிந்தது. சின்னது. இரண்டு ஆணித் துளைகளோடு.

“அதுல இருந்தது எட்டு வருசம் முன்னாடி காணாமப் போச்சு” என்றார் மும்தாஜ். “வீட்டுக்கு வெள்ளையடிச்சப்ப. உங்க படத்தப் பாத்ததும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. போன்ல சொல்லியிருந்தா நீங்க வந்திருப்பீங்களா?”

டிபன் பாக்ஸைத் திறந்து என் சின்னதை எடுத்தேன். தடத்தின் மேல் வைத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. அதன் விளிம்பில் இரண்டு கீறல்கள் உண்டு. வாள் உறை உரசிய தழும்பு என்று இதே வலைப்பூவில் பெருமையாக எழுதியிருக்கிறேன். அவை இரண்டு ஆணித் துளைகளுக்கு நேராக நின்றன. பெட்டிக்கு ஆணி அடித்த சுத்தியல் செய்த வேலை.

மும்தாஜ் என்னைப் பார்த்தார். “சார், இது உங்களுக்குச் சுத்தமா வந்த பொருள்தானா? பில்லு இருக்கா?”

பழைய சாமான் கடையில் யார் பில் கொடுக்கிறார்கள்? இல்லை என்றேன். ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட நான், என் பொருள் எங்கிருந்து வந்தது என்று ஏழு வருஷத்தில் ஒருநாள்கூடக் கேட்டதில்லை. கடைக்காரன் துணியில் சுற்றிக் கொடுத்ததை வாங்கி, சந்தோஷமாக வீட்டுக்கு வந்தவன்தான்.

அவர்கள் திருப்பிக் கேட்கவில்லை. காதர் பாய், “செத்த நேரம் உக்காருங்க, சாப்ட்டுட்டுப் போலாம்” என்றார். நான் தகட்டை அந்தத் தடத்தின் மேலிருந்து எடுக்கவில்லை. எடுக்க ஆசை இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். “ஒரே ஒரு உபகாரம்” என்றேன். “இந்தச் சின்னதை மட்டும் விளக்கிராதீங்க.”

“சரி, சார்” என்றார் மும்தாஜ். நான் நம்பவில்லை.

இனி உங்களுக்கு. பழைய இரும்புப் பொருள் வீட்டில் இருந்தால் புளி, சாம்பல், உப்புத்தாள், எண்ணெய் எதுவும் வேண்டாம். காய்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும். மழைக்காலத்தில் மருந்து டப்பாவில் வருகிற ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தைப் பக்கத்தில் வையுங்கள். முழுத் துப்பாக்கி கிடைத்தால் காவல் நிலையத்தில் கேட்காமல் தொடாதீர்கள். கொடைரோட்டில் இறங்க வேண்டிய அவசியமே இல்லை, திண்டுக்கல்லுக்கே டிக்கெட் எடுங்கள். விற்பவரிடம் ‘அசலா’ என்று கேளுங்கள், ‘சுத்தமா’ என்று கேட்காதீர்கள். வாங்கும்போது பில் வாங்குங்கள்.

போன வாரம் மும்தாஜ் ஒரு படம் அனுப்பியிருந்தார். பெட்டியின் முகப்பில் பெரிய கொக்கு பளபளக்கிறது. மூடியில் சின்னது கறுப்பாக இருக்கிறது. கீழே எழுதியிருந்தார்: “சின்னத தொடவே இல்ல சார். வர்றவங்க எல்லாம் இத மட்டும் ஏன் அழுக்கா வச்சிருக்கேன்னு கேக்குறாங்க.”

நான் அப்போதும் படத்தைப் பெரிதாக்கி, ஓர் இடம் விடாமல் பார்த்த பிறகுதான் நன்றி என்று எழுதினேன்.