பத்து அடி பின்னால்

போன செவ்வாய்க்கிழமை காலை அஜ்மானைக் காணவில்லை.

மிகைப்படுத்தவில்லை. ஐந்தே முக்காலுக்குக் கட்டடத்தை விட்டு இறங்கினேன். எதிரே எப்போதும் இருக்கும் டீக்கடை இல்லை. ஒட்டகம் மாதிரி குனிந்து நிற்கும் கிரேன் இல்லை. மசூதியும் இல்லை — அதன் பச்சை விளக்கு மட்டும் ஆகாயத்தில் தனியாக மிதந்துகொண்டிருந்தது. மூடுபனி. வருஷத்தில் ஏழெட்டு நாள் பாலைவனம் இப்படிப் பாலாகிவிடும்.

தெருவைத் தாண்டியதும் திரும்பி, மூன்றாவது மாடி ஜன்னலைப் பார்த்துக் கையசைப்பது என் வழக்கம். அங்கே என் மகள் நிரு நிற்பாள். பதினான்கு வயது. தூக்கக் கலக்கத்தோடு அவளும் கையசைப்பாள். அன்று ஜன்னலும் பனிக்குள் போய்விட்டிருந்தது. இருந்தாலும் அசைத்தேன். பழக்கதோஷம்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு எங்கள் வீட்டு டைம்டேபிள் மனப்பாடம். மற்றவர்களுக்காக... நான் லாண்டரி முனையில் ஆறு மணிக்குக் கார் லிஃப்டில் ஏற வேண்டும். துபாயில் அல் கூஸில் ஆபீஸ். கார் லிஃப்ட் என்றால், எட்டுப் பேர் சேர்ந்து தினமும் போய்வரும் வேன். நிருவுக்கு ஆறரைக்கு ஸ்கூல் பஸ். தானே கதவைப் பூட்டிக்கொண்டு இறங்குவாள். ஏறியதும் போனில் ஒரு கட்டைவிரல் அனுப்பிவிட வேண்டும். அது வந்தால்தான் எனக்கு மூச்சு சீராகும். அவள் அப்பா குவைத்தில், ஃபஹாஹீல் பக்கம் எண்ணெய் சைட்டில் வேலை. வேலை நேரத்தில் அவர் போன் கேட்டிலேயே லாக்கருக்குள் போய்விடும்.

பனியில் வேன் தாமதம். ஆறரைக்குக் கட்டைவிரல் வந்தது. பார்த்துவிட்டு போனைப் பைக்குள் போட்டேன். ஆறே முக்காலுக்கு வேன் வந்தது. ஏறினேன்.

எட்டு மணி சுமாருக்கு, நெடுஞ்சாலையில் ஊர்ந்துகொண்டிருந்தபோது பள்ளியிலிருந்து மெசேஜ். 'உங்கள் மகள் இன்று வகுப்புக்கு வரவில்லை.'

அப்படியானால் அந்தக் கட்டைவிரல்?

நிருவுக்கு அடித்தேன். ஸ்விட்ச் ஆஃப். மறுபடி. ஸ்விட்ச் ஆஃப். அவள் அப்பாவுக்கு அடித்தேன் — லாக்கருக்குள் மணி அடித்து என்ன பயன்? கட்டட வாட்ச்மேன் மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்து, பூட்டியிருக்கிறது என்றார். வேன் ஜன்னலில் வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. என்னென்ன நினைத்தேன் என்று இங்கே எழுத மாட்டேன். எழுதினால் இன்னொரு முறை நினைக்க வேண்டும்.

கார் லிஃப்டுக்கு ஒரு சட்டம் உண்டு. யாருக்காகவும் திரும்பாது. எட்டுப் பேருக்கும் ஆபீஸில் நேரத்துக்குப் பஞ்ச் இன் பதிவு செய்தாக வேண்டுமே. டிரைவர் பஷீர் பாய் பெஷாவர்காரர், அந்தச் சட்டத்தில் ரொம்பக் கறார். நான் நாலாவது முறை அடித்துவிட்டு போனை மடியில் வைத்தபோது, கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அடுத்த எக்ஸிட்டில் வண்டியைத் திருப்பினார்.

ஒருவர் மட்டும் வாட்ச்சைப் பார்த்தார். பிறகு அவரே, "யல்லா பாய், போகலாம்" என்றார்.

பாதி வழியில், தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு. எடுக்கக் கை வரவில்லை. பக்கத்து சீட் பெண்தான் எடுத்து என் காதில் வைத்தாள்.

"அக்கா, உங்கட பிள்ளை என்னோடதான் நிக்குது. பயப்பிடாதேங்கோ. தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருக்கிறா."

யாழ்ப்பாணத்துத் தமிழ். அஜ்மான் தொழிற்பேட்டையில் ஒரு கிடங்கின் செக்யூரிட்டி. எங்கள் வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர். அங்கே எப்படிப் போனாள்? போனில் படம் பிடித்துக்கொண்டே நடந்திருக்கிறாள். கிடங்கு வாசலில் இவர் மறித்திருக்கிறார். இந்த ஊரில் கண்ட இடத்தில் கேமராவை நீட்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்கும் தெரியும். அவர் போலீஸைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. "படம் எடுக்கக் கூடாது எண்டு போர்ட் இருக்குத்தான் அக்கா. இந்தப் பனிக்குள்ள போர்ட் ஆருக்குத் தெரியும்?"

அதற்குள் அவள் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. அம்மா நம்பர் என்ன என்று கேட்டிருக்கிறார். நிருவுக்குத் தெரியவில்லை. அவள் போனுக்குத்தான் தெரியும். சார்ஜர் தேடி, போன் உயிர் பெறும்வரை அவர் கேபினில் உட்கார்ந்திருந்தாள்.

இந்தக் கதைக்கு ஒரு டைரக்டர் இருக்கிறார்.

மூன்று வாரமாக நிரு ஒரு ஜப்பானிய அனிமே பார்க்கிறாள். அதில் கைப்பிடியைச் சுற்றினால் ஓடும் கேமராவோடு, வளைந்த தொப்பி போட்ட ஒருவர் வருவார். நூறு வருஷத்துக்கு முன் நிஜமாக வாழ்ந்த ஊமைப்பட டைரக்டராம். பெயரை மாற்றி, வயதைக் குறைத்து, கதாநாயகியின் பக்கத்து வீட்டுக்காரராக வைத்துவிட்டார்கள். ஒரு எபிசோடுக்கு மூன்று நிமிஷம் வந்தால் அதிகம். அதில் இத்தனை வாள் வீசுகிறவர்கள் வந்துபோக, இவளுக்குப் பிடித்தது இவரைத்தான். பேச்சு எல்லாம் 'டைரக்டர் சார்'. பார்க்காமலே எனக்கு அந்த மனிதர்மேல் ஒரு எரிச்சல்.

அன்று பள்ளியும் இல்லை, ஆபீஸும் இல்லை. வீட்டுக்கு வந்து, அந்த அனிமே ஆப்பை அழிப்பதற்காக அவள் போனைக் கேட்டேன். கொடுத்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"நிஜத்துல அவர் எடுத்த படம் ஒண்ணுகூட மிஞ்சலம்மா. எல்லாம் போச்சு. அதனால இவங்களே அவருக்கு ஒரு படம் யோசிச்சு வச்சிருக்காங்க."

என்ன படம்? விடிகாலையில் அவருடைய அம்மா பட்டு மில்லுக்கு வேலைக்குப் போவது. முதுகுப்பக்கத்திலிருந்து. அவ்வளவுதான். மூடுபனி வேண்டும் — தெருவில் வேறு எதுவும் தெரியக் கூடாது. ஒவ்வொரு எபிசோடிலும் பனிக்காகக் காத்திருப்பார், ஏதாவது கெடுத்துவிடும். கடைசி எபிசோடில் பனி வந்தேவிட்டது. கைப்பிடியில் கை வைக்கிறார்... கதாநாயகி தெருவில் அடிபட்டு விழுகிறாள். கேமராவை விட்டுவிட்டு ஓடுகிறார். அவளைக் காப்பாற்றியாயிற்று, கதை முடிந்தது. அவர் படம்? சைட் கேரக்டரின் படத்துக்கு யார் நேரம் ஒதுக்குவார்கள்?

"யாராவது எடுத்து முடிக்கணும்ல?" என்றாள் நிரு.

செவ்வாய்க்கிழமை ஜன்னலைத் திறந்திருக்கிறாள். பனி.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீ நடிப்பம்மா."

போனில் அந்தப் படத்தைப் பார்த்தேன். நான் கட்டட லிஃப்டில் இறங்குவதற்குள் அவள் படிகளில் ஓடி, எனக்கு முன்பே தெருவைத் தாண்டி, ஒரு காருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எடுத்த படம். சத்தம் இல்லை. வெள்ளைக்குள் ஒரு பெண் நடந்துபோகிறாள். கொஞ்சம் இடதுபக்கம் சாய்ந்து — நான் அப்படியா நடக்கிறேன்? கையில் நீலச் சாப்பாட்டுப் பை. நடை ஒரு அவசரத்தில் இருக்கிறது, ஆனால் பனியில் எங்கேயும் போய்ச் சேர மாட்டாள் போல இருக்கிறது. லாண்டரி முனையில் நிற்கிறாள். போனை எடுத்துப் பார்க்கிறாள். தோள் சற்று இறங்குகிறது. போனைப் பைக்குள் போடுகிறாள். அதுதான் அந்தக் கட்டைவிரல். பஸ்ஸைத் தவறவிட்டோம் என்று தெரிந்ததும், அம்மா பயந்துவிடுவாளே என்று, காருக்குப் பின்னால் நின்றபடியே அனுப்பிவிட்டு, மறுபடி கேமராவைத் தூக்கியிருக்கிறாள். வேனின் சிவப்பு விளக்குகள் இரண்டு பொட்டாகி மறைகின்றன. அந்தப் பொட்டுகளின் பின்னாலேயே நடந்துதான் தொலைந்துபோனாள்.

ஆப்பை அழிக்கவில்லை. என் நம்பரைப் பத்து முறை எழுதச் சொன்னேன். அந்தத் தண்டனையோடு நிறுத்திக்கொண்டேன். நாலு நாளாகியும் பள்ளி மெசேஜ் என்றால் எழுந்து நின்றுதான் படிக்கிறேன்.

சாயங்காலம் குவைத்தில் லாக்கர் திறந்தது. முழுக்கதையையும் சொல்லிவிட்டு, படத்தை அனுப்பினேன். அப்புறம் கூப்பிட்டார்.

"அந்த நீலப் பை இன்னும் கிழியலையா?"

அவர் வாங்கித் தந்த பை. கிழியவில்லை என்றேன்.

"ஆரம்பத்துல ஒரு இடத்துல நின்னு, மேல பாத்துக் கை காட்டுறியே... யாருக்கு? அங்க ஒண்ணுமே தெரியலையே."

மேலே காலி ஜன்னல். நான் கையசைத்த ஆள் என் முதுகுக்குப் பின்னால், பத்து அடி தள்ளி, மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இப்போதெல்லாம் ஜன்னலைப் பார்ப்பதற்கு முன், ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.