பன்னிரண்டாம் நம்பர் ஊசி

ராசிபுரத்திலிருந்து கொல்லிமலைக்கு மாற்றலாகி வந்த ஒன்பது வருடத்தில் வனிதா ஸ்வெட்டர் பின்னாத மழைக்காலம் இல்லை. பகலில் வேளாண்மை அலுவலகத்தில் கிளார்க், சாயங்காலம் கையில் உல்லன் நூல். குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் எல்லாருக்கும் அவள்தான் பின்னினாள். அடி பார்டர் மட்டும் ரெண்டு மாதத்தில் தொங்கிப்போகும். இலவசமாக வாங்கியவர்கள் வாயைத் திறக்கவில்லை.

அந்த நிம்மதியைக் கெடுக்கத்தான் ரஞ்சிதா வந்தாள். ஆத்தூர்க்காரி, சுகாதார நிலையத்து நர்ஸ், எதிர் வீடு. அவள் பின்னிய ஸ்வெட்டரைப் பார்த்துவிட்டு வனிதாவின் பத்து வயது மகள் வித்யாஸ்ரீயே சொன்னாள்.

"அம்மா, ஆண்ட்டி பின்னறது இடுப்பைக் கவ்விப் புடிக்குது. உன்னுது தொளதொளன்னு கெடக்குது. எனக்கு ஆண்ட்டியே பின்னட்டும்."

வனிதாவுக்கு வயிறு எரிந்தது. பெற்ற மகளின் முதுகில் இன்னொருத்தி கைவேலையா? மானத்தை மடித்து வைத்துவிட்டு எதிர் வீட்டுக்குப் போனாள்.

"ஏனுங்க சிஸ்டர், பார்டருக்கு எந்த ஊசி போடறீங்க?"

"ஸ்வெட்டர் உடம்புக்குப் போடற ஊசியவிட ரெண்டு நம்பர் கொறச்சுப் போடுங்கக்கா. அவ்வளவுதானுங்க."

வனிதாவிடம் இருந்தது சேலத்தில் வாங்கிய பத்தாம் நம்பர் ஊசி ஒரே ஜோடி. சேலம் போன அலுவலக ஆள் ஒருவரிடம் எட்டாம் நம்பர் வாங்கிவரச் சொன்னாள். வந்த ஊசி பத்தைவிடத் தடியாகத்தான் இருந்தது. சந்தேகம் தட்டியது. ஆனால் பொறாமைக்கு ஏது கண்? இந்தத் தடிமனில்தான் ரஞ்சிதாவின் ரகசியமே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மகளுக்கான ஸ்வெட்டரை அவளுக்கே தெரியாமல், சாப்பாட்டு வேளையில் அலுவலகத்து ரெக்கார்டு ரூமில் உட்கார்ந்து பின்னினாள். பார்டர் முன்னைவிட அகலமாக விரிந்து தொங்கியது. 'வேணும்னே தப்பாச் சொல்லியிருக்கா, பாவி!' அன்றிலிருந்து ரஞ்சிதா சிரித்தால் இவள் வேறு பக்கம் பார்த்தாள். அவளைத் திட்டிக்கொள்வதில் ஒரு சுகம் இருந்தது.

அந்தச் சுகமும் நிலைக்கவில்லை. அடுத்த மாதம் வனிதாவே சேலம் போனபோது, அவள் காட்டிய எட்டாம் நம்பர் ஊசியைப் பார்த்து நூல் கடைக்காரர் குப்புசாமி விளக்கினார்.

"இது பழைய நம்பருங்க. நம்பர் ஏற ஏற ஊசி மெலிசாகும். இப்ப ஆன்லைன்ல வாங்கறாங்களே, மில்லிமீட்டர் ஊசி, அதுலதான் நம்பர் கொறஞ்சா மெலிசு. பார்டருக்கு நீங்க பன்னெண்டுல்ல போடணும்?"

ரஞ்சிதாவின் ஊசிகள் எல்லாம் ஆன்லைனில் வந்தவை. அவள் பொய் சொல்லவில்லை. அது தெரிந்ததும் வனிதாவுக்குக் கோபம் கூடித்தான் போனது. நன்றாகவும் பின்னுகிறாள், நல்லவளாகவும் இருக்கிறாள். ஒருத்திக்கு எதற்கு இத்தனை?

பன்னிரண்டாம் நம்பர் ஊசியில் பார்டரைப் பிரித்துப் பின்னினாள். இழுத்துவிட்டால் கப்பென்று சுருங்கியது. வித்யாஸ்ரீயின் கட்டில் மேல் விரித்து வைத்துவிட்டு அடுப்படியில் காத்திருந்தாள்.

பள்ளிவிட்டு வந்தவள் போட்டுக்கொண்டு குதித்தாள். இடுப்பை இழுத்து இழுத்து விட்டுப் பார்த்தாள்.

"ஐ, எவ்வளவு டைட்டா இருக்கு! ஆண்ட்டிக்குத் தேங்க்ஸ் சொல்லிட்டு வாரேன்மா!"

வனிதா கரண்டியோடு வெளியே வருவதற்குள் பிள்ளை பாதி ரோட்டைத் தாண்டியிருந்தாள். எதிர் வாசலில் ரஞ்சிதா சிரித்தபடி கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"அடியே, நில்லுடி! அது நான் பின்னுனதுடி!"

குவார்ட்டர்ஸில் எட்டு வீட்டுக் கதவும் திறந்தது.