சூட்டறைக்கு வைத்த பொட்டு

அக்காவின் தயிர்ச்சட்டிகள் வெடித்ததற்குக் காரணம் சந்தனம். இதைக் கண்டுபிடிப்பதற்குள் மாரிகாலத்தில் முக்கால்வாசி போய்விட்டது. கண்டுபிடித்த பிறகும் அதை நம்பி ஒருவரையாவது நடக்கவைக்க என்னால் இன்றுவரை முடியவில்லை.

அக்காவின் தொழிற்கூடம் திருகோணமலை உள்துறைமுகத்தைப் பார்த்த தெருவில், பழைய அரிசிக் களஞ்சியம் ஒன்றில் இருக்கிறது. அங்கே யாரும் சக்கரம் சுற்றி வனைவதில்லை. அச்சுக்குள் களிமண் உருண்டையைப் போட்டால், மேலிருந்து இறங்கும் இரும்புத் தலை அதை அழுத்திச் சட்டியாக்கிவிடும். ஆறு பெண்கள் வேலை செய்கிறார்கள். மண் தம்பலகாமப் பக்கத்திலிருந்து வருகிறது. செய்கிற சட்டிகளில் பெரும் பகுதியை எடுப்பவர் கிண்ணியாவில் எருமைத் தயிர் போடும் ஒரு வியாபாரி. முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல அவரை நாங்கள் நானா என்போம். அவருடைய பிள்ளைகளுக்கு அக்கா ஒரு காலத்தில் கணிதம் படிப்பித்தவள். அதனால் அக்கா அவருக்கு இன்னும் டீச்சர்.

சட்டியை அழுத்துவதிலும் சுடுவதிலும் பெரிய சிக்கல் இல்லை. நடுவில் காயவைப்பதுதான் தொல்லை. வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் காற்றுப் பட்ட பக்கம் ஒரே பகலில் வெளுத்துவிடும். மறுபக்கம் ஈரமாகவே இருக்கும். காய்ந்த பக்கம் சுருங்கி ஈரப் பக்கத்தை இழுக்க, விளிம்பு பிளக்கும். வாடைக்காற்றோடு மழை தொடங்கிவிட்டாலோ எதுவுமே காயாது. ஈரச் சாக்கால் மூடியும் இடம் மாற்றி வைத்தும் அக்கா சில வருடங்கள் சமாளித்தாள். பிறகு கொழும்பில் உள்ள ஒரு சிறு நிறுவனத்திடம் சொல்லி, உலர்த்தும் இயந்திரம் ஒன்றைக் கட்டுவித்தாள்.

இயந்திரம் என்று கேள்விப்பட்டுப் பார்க்க வருகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். அது தகரத்தால் இரட்டைச் சுவர் வைத்த ஓர் அறை. சூளையிலிருந்து வீணாகப் போகும் சூடு குழாய் வழியாக உள்ளே வருகிறது. காற்றாடிகள் அதைச் சுற்றிவிடுகின்றன. கூரையில் இருக்கும் ஒரு மடல் திறந்து மூடி ஈரக்காற்றை வெளியே விடுகிறது. சட்டி அடுக்கிய தட்டு வண்டிகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினால் வேலை முடிந்தது. பெண்கள் முதல் நாளே அதற்குச் சூட்டறை என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

காயவைப்பதற்காகச் செய்த அறை, தொடக்கத்தில் சட்டிகளைக் காயவிடாமல் வைத்திருக்கும். அதுதான் அதன் சூட்சுமம். மடல் மூடியிருக்கும்போது சட்டிகள் விடும் ஆவி அறைக்குள்ளேயே தங்கிவிடும். அந்த ஈரச் சூட்டில் சட்டியின் உள்ளும் புறமும் ஒரே அளவாகச் சூடேறும். அதற்குப் பிறகுதான் மடல் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க வேண்டும். எப்போது திறப்பது, எவ்வளவு திறப்பது என்று முடிவு செய்வது ஓர் ஈரமானி. தீப்பெட்டியளவு வெள்ளைப் பெட்டி. கதவுக்கு நேரெதிர்ச் சுவரில், கண் உயரத்தில், சிறு வலை மூடிய துளையோடு பொருத்தியிருக்கிறது.

சூட்டறை வந்த அன்று அத்தான் அதற்குப் பூசை செய்தார். அக்காவின் கணவரான அவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்கிற ஆளல்ல. எங்கள் ஊரில் புதிதாக வரும் ஓட்டோ, தையல் மெசின், கணினி எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. சூட்டறைக்கும் அவர் தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, சந்தனக் கிண்ணத்தோடு உள்ளே போய் வந்தார். வாசலில் நின்றவர்களுக்கு அவருடைய முதுகுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவர் உள்ளே போய் வந்தார்.

முதல் தொகுதியிலிருந்தே விளிம்புகள் வெடித்தன. பச்சையாக இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாத மயிர்க்கோடு, சுட்ட பிறகு கறுப்பாகத் தெரியும். சில சட்டிகளில் அப்போதும் தெரியாது. தயிர் ஊற்றினால்தான் தெரியும். மண் சரியில்லை என்று ஒருத்தி சொன்னாள். தண்ணீரில் உவர் என்றாள் இன்னொருத்தி. பக்கத்துக் கடைக்காரரின் கண்ணூறு என்று மற்றவர்கள் அநேகமாக ஒத்துக்கொண்டார்கள். அத்தான் சந்தனத்தைக் கூட்டினார். வெடிப்புக் கூடக்கூட அவர் வைத்த சந்தனத்தின் கனமும் கூடியது. பொட்டைப் பார்த்தும், இரண்டையும் எங்களில் யாரும் சேர்த்து யோசிக்கவில்லை.

கார்த்திகை மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் நானா லொறியிலிருந்து இறங்கினார். ஒரு கையில் எங்கள் சட்டி. மற்றக் கையில் மூடி போட்ட வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பா. சட்டியின் வெளிப்புறத்தில் தயிர்த் தண்ணீர் வடிந்து காய்ந்த கோடுகள் இருந்தன.

"என்னகா டீச்சர், நான் கேட்டது சட்டி. நீங்க வடிதட்டெல்லோ தந்திரிக்கீங்க?"

"கதிரையில இருங்கோ நானா. தேத்தண்ணி குடிப்பம்" என்றாள் அக்கா.

"அந்தத் தேத்தண்ணிய இந்தச் சட்டியில ஊத்தித் தாங்க பாப்பம். குடிச்சு முடிக்கிறதுக்குள்ள என்ட சாரம் நனைஞ்சிரும்."

அச்சுக்குப் பக்கத்தில் யாரோ சிரித்துவிட்டு இருமினார்கள். நானா டப்பாவைச் சிமெந்துத் தரையில் போட்டார். அது துள்ளி உருண்டு அக்காவின் காலடியில் நின்றது.

"பாத்தீங்களா? இது வெடிக்கா. விழுந்தாத் துள்ளும். மூடியும் இரிக்கி."

"உதில போட்டால் தயிர் தண்ணி விட்டுக் கிடக்கும். சட்டிதான் தண்ணியை இழுத்து இறுக்கமாக்கும். உங்களுக்குத் தெரியாததே?"

"தெரிஞ்சபடியாத்தான் இன்னும் உங்கட வாசல்ல நிக்கிறன். தை பொறந்தா பால் கூடிரும். அதுக்கு முதல்ல வெடிக்காத சட்டி ஒரு லொறி தாங்க. ஏலாட்டி இப்பவே சொல்லுங்க, டப்பாக்கு மாறுறன். மாறினாத் திரும்பி வரமாட்டன் டீச்சர். சனம் மூடிக்குப் பழகிரும்."

இது மிரட்டல் அல்ல என்பது அக்காவுக்குத் தெரியும். நானா போய்விட்டால் அவளிடம் மிஞ்சுவது உப்புவெளிக் கடற்கரை விடுதிகள் எப்போதாவது கேட்கும் பூச்சாடிகள் மட்டும்தான். அதை வைத்து ஆறு பேருக்கு வேலை கொடுக்க முடியாது. களஞ்சியத்தைப் பூட்ட வேண்டியதுதான். அவர் போன பிறகு அக்கா அந்த டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் மூடுது" என்றாள்.

கொழும்புப் பத்திரிகை ஒன்றில் பல வருடம் செய்தி திருத்தியவள் நான். இப்போது அதே வேலையைத் திருகோணமலையில் வீட்டிலிருந்து செய்கிறேன். கேள்வி கேட்பது என் தொழில் என்பது குடும்பத்தின் எண்ணம். ஆகவே இயந்திரம் செய்தவரோடு பேசும் பொறுப்பு என்னிடம் வந்தது. அவர் சிங்களவர். நான் சிங்களத்தில் தொடங்கினாலும் அவர் தன்னுடைய தமிழை விட்டுக்கொடுக்கவில்லை. அறைக்கு வெளியே பூட்டியிருக்கும் சிறு திரையில் ஈரம் எவ்வளவு காட்டுகிறது என்று கேட்டார். நூறு என்றேன். வெறும் அறையிலுமா என்றார். வெறும் அறையிலும் நூறுதான். அப்படி இருக்க முடியாது, உள்ளே படம் எடுத்து அனுப்புங்கள் என்றார். அனுப்பினேன். உடனே அழைப்பு வந்தது.

"மெடம், சுவரில சிவப்பா ஒன்று இருக்கு நே. நாங்க சிவப்புச் சாமான் ஒன்றும் பூட்டயில்ல."

"அது குங்குமம்."

"என்ன?"

"பொட்டு."

"ஐயோ மெடம்! அது மெசின்ட மூக்கு. மூக்கை அடைச்சா எப்படி மூச்சு எடுக்கிற?"

வலையின் மேல் வாராவாரம் அப்பிய சந்தனம் உள்ளே ஈரத்தை அடைத்து வைத்திருந்ததால், அறை முழுக்க ஆவி நிறைந்துவிட்டது என்று ஈரமானி நினைத்திருக்கிறது. அதனால் கதவைச் சாத்திய உடனேயே மடல் முழுதாகத் திறந்திருக்கிறது. சட்டியின் உட்புறம் சூடேறுவதற்கு முன்பே மேற்புறம் காய்ந்திருக்கிறது. அறைக்குள் கச்சான் காற்றை நாங்களே வரவழைத்து வீசவிட்டிருக்கிறோம்.

அத்தான் முன்கூடத்தில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், பொட்டை ஏன் அந்தப் பெட்டியில வைச்சனீங்கள்?"

"வேற எங்க வைக்கிறது?"

"அவ்வளவு பெரிய சுவர் இருக்கே."

"சுவருக்கு ஆரும் பொட்டு வைப்பினமே? நான் புத்தகத்தை வாசிச்சனான். அந்த வெள்ளைப் பெட்டிதான் எல்லாத்தையும் பார்த்து முடிவெடுக்கிறதெண்டு போட்டிருக்கு. அப்ப அதுதானே நெத்தி?"

அவர் சொன்னது உண்மை. இயந்திரத்தோடு வந்த கைநூலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசித்தவர் அந்த வீட்டில் அவர் ஒருவர்தான்.

"அதே பக்கத்தில, அந்தப் பெட்டியைத் தொட வேண்டாமெண்டும் போட்டிருக்கு."

"அது அழுக்குக் கையால தொடுறவைக்கு. நான் குளிச்சுப்போட்டுத்தானே வைக்கிறனான்."

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா கூரையைப் பார்த்தாள்.

அடைபட்ட ஈரமானியைக் கழுவ முடியாது என்றார்கள். புதியது ஒன்று கொழும்பு பஸ்ஸில் பார்சலாக வந்தது. மின்வேலை தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுப் பொருத்தினோம். வெறும் அறையில் திரை நியாயமான ஓர் எண்ணைக் காட்டியது. நானாவின் சட்டிகளை வண்டிகளில் அடுக்கி முடித்தபோது மார்கழி பிறந்து சில நாளாகியிருந்தது. அடுக்கி முடித்த நாள் வெள்ளிக்கிழமை. அத்தான் குளித்து, திருநீறு பூசி, சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றார்.

"இண்டைக்கு வேண்டாம் அத்தான்" என்றேன்.

"இண்டைக்குத்தான் வேணும். இவ்வளவு நாளும் வைச்சுப்போட்டு, முக்கியமான நாளிலயோ விடுறது?"

"வைச்சபடியாத்தான் வெடிச்சது."

"இடம் பிழைச்சது எண்டு சொல்லு. பொட்டுப் பிழைச்சது எண்டு சொல்லாதை."

ஆகவே இடத்தைப் பற்றிய பேச்சுவார்த்தை தொடங்கியது. காற்றாடியின் மூடி என்றேன். சுத்துகிற சாமானுக்கு வைத்தால் தலை சுத்தும் என்றார். வெளித்திரை என்று அவராகவே சொன்னார். கண்ணை மறைக்கப் போகிறீர்களா என்று நான் கத்தினேன். கதவு என்றேன். அது ஆடுகிற பலகை என்றார். அடுக்கிய சட்டிகள் வண்டியில் நின்றன. மழைச் சாரல் யன்னலால் உள்ளே வந்துகொண்டிருந்தது. அக்கா இரண்டு பேருக்கும் நடுவில் வந்தாள்.

"நிலைக்கு வையுங்கோ. வீட்டுக்கும் வாசல் நிலையிலதானே வைக்கிறம்."

"வீட்டுக்கு வைக்கிறது ஆக்கள் போய்வாறபடியால. இதுக்குள்ள ஆர் போய்வாறது?"

"சட்டி போய்வருது ஐயா" என்றாள் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண். அவள் மாதா கோவிலடியிலிருந்து வருகிறவள். தள்ளுவதற்கு முன் அவளும் நெற்றியில் சிலுவை போடுவாள். "கெதியா வையுங்கோ, எனக்குக் கை உளையுது."

அத்தான் யோசித்தார். பிறகு கதவு நிலையின் மேற்சட்டத்தில், வெளிப்பக்கமாக, மூன்று விரலால் சந்தனம் இழுத்து நடுவில் குங்குமம் வைத்தார். கதவு சாத்தப்பட்டது.

அன்றும் மறுநாளும் அக்கா திரையடியை விட்டு அசையவில்லை. எண் மெதுவாக ஏறியது. ஏறிய இடத்தில் நின்றது. மடல் சிறிதளவு திறந்த சத்தம் கேட்டது. பிறகு எண் இறங்கத் தொடங்கியது. கதவைத் திறந்தபோது ஈர மண்ணின் வாசனையோடு சூடு முகத்தில் அடித்தது. அக்கா ஒவ்வொரு சட்டியாக எடுத்து விளிம்பில் விரலை ஓட்டினாள். சூளையிலிருந்து வந்த பிறகும் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தாள். நானாவுக்கு அதற்குப் பிறகுதான் தொலைபேசி எடுத்தாள்.

நானா யாருடைய பேச்சையும் நம்புகிறவர் அல்ல. முற்றத்தில் பழைய பேப்பரை விரித்து, சட்டிகளை வரிசையாக வைத்துத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். தேத்தண்ணீர் குடித்து, மழையைப் பற்றியும் மாடுகளுக்கு வரும் நோயைப் பற்றியும் கதைத்து, மத்தியானத் தொழுகைக்குப் போய்த் திரும்பி வந்து, ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். அடியில் மண்சட்டிக்கு இயல்பான குளிர்ந்த ஈரம் மட்டும் இருந்தது. பேப்பரில் ஒழுகிய தடம் ஒன்றும் இல்லை.

"சரி டீச்சர். சீசன் முழுக்க எடுக்கிறன். டப்பாவ வெளிநாட்டாக்கள் வாற ஹோட்டலுக்கு வெச்சிக்கிறன்."

அக்கா தலையை ஆட்டினாள். கண்ணைத் துடைத்தது சூளைப் புகைக்காகவும் இருக்கலாம்.

"அது சரி, என்னத்த மாத்தினீங்க?"

"ஈரமானி" என்றேன் நான்.

"பொட்டு வைக்கிற இடம்" என்றார் அத்தான், அதே நேரத்தில்.

நான் விளக்கத் தொடங்கினேன். வலை, ஆவி, மடல் எல்லாவற்றையும் ஒழுங்காக, ஒரு பத்தியில் அடங்குமாறு சொன்னேன். நானா மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அத்தானைப் பார்த்தார், நிலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எனக்கு உங்கட மெசினும் விளங்கா, அண்ணன்ட சந்தனமும் விளங்கா. சட்டி நல்லா வந்திரிக்கி. ரெண்டும் இரிக்கட்டும். ஒண்டையும் மாத்தாதீங்க."

லொறி போனதும் பெண்கள் அத்தானுக்குத்தான் முதலில் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அத்தான் ஈச்சிலம்பற்றில் ஒரு செத்தவீட்டுக்குப் போயிருந்தார். இந்த வாரமாவது பொட்டு இல்லாமல் ஒரு தொகுதி நன்றாக வரும், அதைக் காட்டிப் பேசலாம் என்ற எண்ணத்தில் நான் நேரத்தோடு போனேன். சூட்டறை வாசலில் ஒரு கதிரையைப் போட்டு, அதன் மேல் அக்கா ஏறி நின்றாள். கையில் கிண்ணம்.

"அக்கா, காரணம் என்னெண்டு உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"பிறகேன்?"

"ஒண்டையும் மாத்த வேண்டாமெண்டு நானா சொன்னவர். சட்டி எடுக்கிறது அவர், நீயில்லை." கிண்ணத்தை என்னிடம் நீட்டினாள். "உதை நேராப் பிடி. சிந்தப்போகுது."