செக்கர் செய்த மூன்று மாதச் சோதனை

கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. செக்கர் என்றால் அவர்தான். இருபத்திரண்டு வருடமாக ஒரே நாற்காலி. எதிரே வெளிச்சத் திரை, அதன் முன்னால் பெல்ட்டில் வரிசையாகப் போகும் பாட்டில்கள். குமிழி விழுந்தது, கழுத்து கோணியது, அடியில் கீறல் விட்டது, எதுவாக இருந்தாலும் ஒரு விரலால் தட்டிப் பக்கத்துத் தொட்டியில் விழவைப்பார். விழுந்தது உடைந்து மறுபடி உலைக்குப் போகும்.

வேலை முடிந்தாலும் கண் வேலையை விடாது. பஸ்ஸுக்கு நிற்கும்போது எதிர்க்கடையின் பெயர்ப்பலகை அரை அங்குலம் சாய்ந்திருப்பதைக் கடைக்காரரிடம் போய்ச் சொல்லிவிட்டு வருவார். அந்த வரிசையில் இருந்த கடைக்காரர்கள் இவர் தலையைக் கண்டாலே உள்ளே ஏதோ வேலை இருப்பதுபோல் போய்விடுவார்கள்.

இந்த மனிதருக்கு இரட்டைப் பெண்கள். உருவத்தில் ஒட்டு உறவு கிடையாது; ஒருத்தி அம்மா ஜாடை, ஒருத்தி அப்பா ஜாடை. நான்கு நிமிடம் முன்னால் பிறந்தவள் பெரியவள். அந்த நான்கு நிமிடத்துக்காகச் சின்னவள் அவளை அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும் என்று பெரியவளே சட்டம் போட்டிருந்தாள். ஐந்தாம் வகுப்புவரை இருவரும் தெருமுனைப் பள்ளியில் ஒரே பெஞ்சு. ஆறாம் வகுப்பு அங்கே இல்லை. அங்கேதான் வினை ஆரம்பித்தது.

மனைவிக்கு மருத்துவமனையில் வரவேற்பு மேசை. அரசுப் பள்ளியில் படித்து வகுப்பிலேயே முதலாக வந்தவள். ஆனாலும் தனியார் பள்ளிதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

"என் பொண்ணுங்க என்னை மாதிரி நிக்கக் கூடாதுங்க. புது டாக்டர் இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தை கேட்டா நாக்கு ஒட்டிக்குது. பதில் தெரியும், வாயில வராது."

"நானும் அரசுப் பள்ளிதான். எனக்கென்ன குறைஞ்சு போச்சு?"

மனைவி அவரை ஒருமுறை பார்த்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

ஒரு மாதம் இப்படியே போனது. அதன்பிறகுதான் செக்கருக்கு அந்த யோசனை உதித்தது. முன்பொரு சமயம் தொழிற்சாலைக்குக் கண்ணாடி உருக்க இரண்டு இடத்திலிருந்து மணல் வந்தது. எது நல்ல மணல் என்று மேலாளர்கள் முடியைப் பிய்த்துக்கொண்டபோது செக்கர்தான் வழி சொன்னார். ஒரு உலையில் இது, இன்னொரு உலையில் அது, மூன்று மாதம் ஓடட்டும், பாட்டிலைப் பார்த்து முடிவு செய்யலாம். அப்படியே செய்தார்கள். அதற்குக் கொடுத்த பாராட்டுப் பத்திரம் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது, கோணாமல்.

"ஒருத்தி அங்க, ஒருத்தி இங்க. மூணு மாசம். எது ஜெயிக்குதோ அங்க ரெண்டு பேரையும் சேர்த்துடலாம்" என்றார்.

பெற்ற பிள்ளைகளை வைத்து இப்படியொரு காரியம் செய்யலாமா என்று மனைவி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. தன் கட்சிதான் ஜெயிக்கும் என்று அவளுக்கும் அவ்வளவு நிச்சயம். நாணயத்தைச் சுண்டினார்கள். பெரியவள் தனியார், சின்னவள் அரசு.

சின்னவளுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது. "தோத்த ஸ்கூல்ல இருக்கிறவள என்னப்பா பண்ணுவீங்க?"

"மாத்திடுவேன்."

"உலையில போட மாட்டீங்கல்ல?"

செக்கர் இதற்குச் சிரிக்கவில்லை. போட மாட்டேன் என்று முறையாகச் சொன்னார்.

ஒரு நீள நோட்டு வாங்கிக் கட்டம் போட்டார். கையெழுத்து, கணக்கு, ஆங்கிலம், உடம்பு, பெரியவர்களிடம் மரியாதை. ஞாயிறுதோறும் இருவரையும் ஜன்னலோரம் நிறுத்தி, வெளிச்சத்தில் வைத்துக் கேள்வி கேட்டுக் குறித்துக்கொண்டார். வழி கேட்டுக் கூப்பிட்ட ஒருவருக்குப் பெரியவள் போனில் ஆங்கிலத்தில் வழி சொன்னாள். சின்னவள் கழன்ற சைக்கிள் செயினை மாட்டினாள். அறிவியல் டீச்சரே செய்து காட்டினாராம். பெரியவளுக்குக் கையெழுத்து முத்து முத்தாக வந்தது. சின்னவள் மனக்கணக்கில் அப்பாவையே மடக்கினாள். எட்டாவது வாரம்வரை இரண்டு பக்கமும் சரிசமம். நோட்டைப் பார்க்கும் போதெல்லாம் கணவனும் மனைவியும் தனித்தனியாகச் சந்தோஷப்பட்டார்கள்.

ஒன்றுக்கு மட்டும் கட்டம் இல்லை. பெரியவளின் பள்ளி வேன் ஏழு மணிக்கே வந்துவிடும். சின்னவள் எட்டரைக்கு நடந்து போவாள். மாலையில் ஒருத்தி வரும்போது மற்றவள் விளையாடப் போயிருப்பாள். முன்பெல்லாம் வாய் ஓயாமல் பேசித் தலைவலி கொடுத்தவர்கள், இப்போது சாப்பிடும்போது குழம்பு இன்னும் வேண்டுமா என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். வீடு அமைதியாக இருக்கிறது, படிப்பு ஏறுகிறது என்று செக்கர் நினைத்தார். இப்படியும் ஒரு அப்பன்.

பன்னிரண்டாவது வாரம் சனிக்கிழமை தனியார் பள்ளியில் கண்காட்சி. பெற்றோர் வரவேண்டும். அரசுப் பள்ளி அன்று அரைநாள் நடந்ததால் சின்னவள் சீருடையோடு வழியில் சேர்ந்துகொண்டாள். பாவாடையில் மைக்கறை இருந்தது. செக்கர் அதைச் சுட்டிக்காட்டினார்.

பெரியவள் மேசை மேல் பலூன்களால் நுரையீரல் செய்து வைத்திருந்தாள். மூச்சு எப்படி உள்ளே போகிறது என்று வந்தவர்களுக்கெல்லாம் ஆங்கிலத்தில் தங்குதடையில்லாமல் விளக்கினாள். மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கக் கூட அவள் முயலவில்லை. சின்னவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேசைக்குப் போய்ப் பலூனைத் தொட்டாள். பெரியவளின் தோழி ஒருத்தி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"இது யாருடி?"

பெரியவள் மைக்கறையைப் பார்த்தாள், தோழியைப் பார்த்தாள்.

"பக்கத்து வீட்டுப் பொண்ணு."

பெற்றவர்கள் இருவரும் நான்கடி பின்னால் நின்றார்கள். இருவர் காதிலும் தெளிவாக விழுந்தது. சின்னவள் பலூனிலிருந்து கையை எடுத்தாள்.

"ஆமா, சும்மா பாக்கலாம்னு வந்தேன்" என்றாள், ரொம்ப இயல்பாக. பிறகு போய் வேறு மேசை ஒன்றில் எரிமலை பார்த்தாள். கண்காட்சி முடியும்வரை இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

வீட்டுக்கு நடந்தே போனார்கள். பெரியவள் தலையைக் குனிந்துகொண்டு வந்தாள். சின்னவள் இருபதடி பின்னால், வேறு யாரோ போல, வேலிக்கம்பிகளை விரலால் தட்டிக்கொண்டே வந்தாள். பள்ளியின் மதில் முடிந்து, தபால் நிலையம் தாண்டி, வலப்பக்கம் திரும்பியதும் அவள் குரல் கேட்டது.

"அக்கா, இப்ப பக்கத்துல வரலாமா?"

பெரியவள் நடுரோட்டில் அப்படியே நின்று ஓவென்று அழுதாள். சின்னவள் ஓடிவந்து, "ஏய், உன் ஃப்ரெண்டு போயிட்டா, பயப்படாத" என்றாள். அக்காவின் அழுகைக்கு அதுதான் காரணம் என்று நினைத்துவிட்டாள்.

மனைவி செக்கரின் கையைப் பிடித்தாள்.

"போதுங்க. எந்த ஸ்கூலா வேணா இருக்கட்டும். ரெண்டும் ஒரே இடத்துல இருக்கட்டும்."

"சோதனை முடிய ஒரு வாரம் இருக்கே" என்று அவர் சொல்லவில்லை. அவரை அறிந்தவர்களுக்கு அது பெரிய விஷயம்.

தனியார் பள்ளியில் கேட்டார்கள். அடுத்த வருடம்வரை ஆறாம் வகுப்பில் இன்னொரு இடம் இல்லை என்றார்கள். அரசுப் பள்ளித் தலைமையாசிரியை, அழைத்து வாருங்கள் என்றார். புதன்கிழமை செக்கர் அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போய்ப் படிவத்தை நிரப்பினார். பள்ளி மாறுவதற்கான காரணம் என்ற இடத்தில் பேனா வெகுநேரம் நின்றது. மனைவி எட்டிப் பார்த்தாள். அவர் குண்டு குண்டாக மூன்று சொல் எழுதிக் கொடுத்தார்.

தலைமையாசிரியை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "செக்கர் செய்த தவறுன்னு எழுதியிருக்கீங்க. யாருங்க செக்கர்?"

"நான்தாங்க" என்றார்.