வானூர்ச் சூளையில் படித்த அதிகாரம்

புதுச் செங்கல்லில் தண்ணீர் பட்டு எழுந்த வாசனை இன்று என்னை வானூர்ச் சூளைக் குடிசைக்கே கொண்டுபோய்விட்டது. சூளைக்காரனுக்கு எந்த ஊரும் சொந்த ஊரில்லை என்பார்கள். திண்டிவனத்திலிருந்து சூளை சூளையாகப் பிழைக்கப் போன நாங்கள், காய்ச்சலில் இறந்த என் தம்பியை அங்கேதான் அடையாளக் கல்கூட இல்லாமல் புதைத்தோம். அதன்பின் அம்மா சாயங்காலந்தோறும், பைபிளின் எண்ணாகமத்தில், வனாந்தரத்தில் அலைந்த இஸ்ரவேலர் கூடாரம் போட்ட இடங்களின் பட்டியலையே, மண் காய்ந்த விரலைப் பெயர் பெயராக நகர்த்தி வாசிப்பாள்.

“இன்னாமே, பஸ் கண்டக்டராட்டம் ஊர்ப்பேரா படிச்சிக்கினு கீற? ஆறுதலா ஒரு சங்கீத அதிகாரம் படி,” என்றார் அப்பா.

“ஜனம் தங்குன ஒரு எடத்தக்கூட கர்த்தரு மறக்கலய்யா. நம்ம புள்ள படுத்துக்கினு கீற எடத்த மட்டும் மறந்துடுவாரா?”

அப்பா அப்புறம் கேலி செய்யவில்லை.

இப்போது அங்கே மனை போட்டு வேலி அடித்திருக்கிறார்கள்; புதைத்த இடம் எனக்கே அடையாளம் தெரியவில்லை. அம்மாவும் அப்பாவும் இறந்துவிட்டார்கள். தம்பி கிடக்கும் இடம் தெரிந்தவர் இனி கர்த்தர் ஒருவர்தான்.