வலிப்பு என்ற பக்கம்

பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் கணக்குத் தாள் எழுதிக்கொண்டிருந்தபோது எனக்கு முதல் முறையாக வலிப்பு வந்தது. அப்போது செங்கல்பட்டில் படித்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் பிற்பகுதி. கண் விழித்தபோது பள்ளி வராந்தாவில் மல்லாந்து கிடந்தேன். வலது கைக்குள் ஒரு சாவிக்கொத்தைத் திணித்திருந்தார்கள். நாக்கைக் கடித்துக்கொள்ளக் கூடாதென்று யாரோ வாயில் கரண்டியைச் செருகியதில் முன்பல் ஒன்று உடைந்திருந்தது. எல்லாம் நல்லெண்ணத்தில் செய்ததுதான். வேறென்ன செய்வதென்று அங்கே யாருக்கும் தெரியாது.

சென்னையில் ஒரு மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். தவறாமல் போட்டுக்கொண்டதால் வலிப்பு பெரும்பாலும் அடங்கியே இருந்தது. அப்பா மின்கம்பம் ஏறும் லைன்மேன். எங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள். அவருக்கு முன்னால் எல்லாரும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். பாடுபட்டுத் தேடிய மரியாதை ஒரே நாளில் போய்விடுமோ என்ற பயம் அவருக்கு எப்போதும் உண்டு.

"வெளிய யாருக்கும் தெரிய வேணாம்டா. நாளைக்கு உன் தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாக்கணும்" என்றார். நானும் யாரிடமும் சொல்லவில்லை.

படிப்பு முடிந்து நாவலூரில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. அதற்குள் குடும்பம் கூடுவாஞ்சேரிக்கு வந்திருந்தது. ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில், யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்ற இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றில் வலிப்பைப் பற்றி ஆங்கிலத்தில் படித்தேன். என் தலைக்குள் என்ன நடக்கிறதென்று இருபத்தைந்து வயதில்தான் எனக்குப் புரிந்தது. சாவி கொடுப்பதால் எந்தப் பயனும் இல்லை. வாயில் எதையும் வைக்கக் கூடாது. இவ்வளவுதான், இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஆங்கிலம் தேவைப்பட்டிருக்கிறது. அதே களஞ்சியத்தின் தமிழ்ப் பகுதியில் தேடினேன். நான்கே வரிகள் இருந்தன. மேலே 'தொகு' என்று ஒரு பொத்தான் இருந்தது, அதை அழுத்தினால் நானே எழுதிச் சேர்க்கலாம்.

வீட்டில் கணினி கிடையாது. சனிக்கிழமைகளில் ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து எழுதினேன். அங்கே பாதிக் கணினிகளில் தமிழ் எழுத்துகள் வெறும் கட்டங்களாகத் தெரியும். கடையை நடத்திய அக்கா எனக்காகவே ஒரு கணினியில் தமிழ் எழுத்துருவை ஏற்ற அனுமதித்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் திணறினேன். மூளையில் மின்னோட்டம் தாறுமாறாகிறது என்பதை எப்படிச் சொல்வது? வீட்டில் பேச்சுவாக்கில் அப்பாவிடம் கேட்டேன்.

"லைன்ல திடீர்னு லோடு ஏறுனா மொத்தத் தெரு லைட்டும் ஆடிப்புடும். கொஞ்ச நேரத்துல தானா சரியாவும். அந்த மாதிரியா?" என்றார். பிறகு என்னை உற்றுப் பார்த்தார். "இதெல்லாம் எதுக்குக் கேக்குற?"

சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "ஊருக்கெல்லாம் தண்டோரா போடணுமா?"

"என் பேரு அதுல எங்கயும் வராதுப்பா" என்றேன். அவர் எழுந்து போனார்.

பக்கம் வளர்ந்தது. ஒரு வாரம் கழித்துத் திறந்து பார்த்தால், நான் எழுதியிருந்த ஒரு வரியைக் காணவில்லை. கை கால்களை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தேன். என்னை எப்போதும் அப்படித்தான் பிடித்திருக்கிறார்கள். கட்டுரையோடு சேர்ந்த, எழுதுபவர்கள் பேசிக்கொள்ளும் உரையாடல் பக்கத்தில் ஒரு குறிப்பு: "பிடிக்கக் கூடாது. எலும்பு முறியக்கூடும். ஆதாரம் இணைத்துள்ளேன். நான் யாழ்ப்பாணத்தில் தாதியாக வேலை செய்கிறேன். நல்ல கட்டுரை, தொடர்ந்து எழுதுங்கள்." வெட்கமாக இருந்தது. மறு நிமிடமே மகிழ்ச்சியாகவும் இருந்தது. முகம் தெரியாத அந்தத் தாதியும் நானும் மாறி மாறித் திருத்தி, ஆறு மாதத்தில் அதை முழுக் கட்டுரையாக்கினோம்.

பிரௌசிங் சென்டர் அக்கா ஒருநாள் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார்.

"இன்னாப்பா, இது நீ எழுதுனதா? என் நாத்தனாருக்கு இது கீது. ஒரு காப்பி எடுத்துக்கட்டுமா?"

"யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம்க்கா. அதுக்குத்தான் எழுதுறது."

"உனக்கு எப்படி இவ்ளோ தெரியும்?"

"படிச்சேன்க்கா" என்றேன். அதற்கு மேல் சொல்லத் துணிவு வரவில்லை. முதலுதவிப் பகுதியை மட்டும் பெரிய எழுத்தில் அச்சடித்து அவர் கடைக் கதவில் ஒட்டினார். பக்கத்து மருந்துக் கடைக்காரரும் ஒரு பிரதி கேட்டு வாங்கிப் போனார்.

அடுத்த ஆண்டு அலுவலகத்தில் வேலை நெருக்கடி. இரண்டு நாள் மாத்திரையை மறந்துவிட்டேன். காலையில் ரயிலுக்குப் போகும்போது நிலைய வாசலிலேயே விழுந்துவிட்டேன்.

விழித்தபோது ஒருக்களித்துப் படுத்திருந்தேன். தலைக்குக் கீழே மடித்த துண்டு. சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றியிருந்தார்கள். கை காலியாக இருந்தது. வாயில் எதுவும் இல்லை. ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் பக்கத்தில் குந்தியிருந்தார்.

"அவசரப்பட்டு எழுந்துக்காத அண்ணாத்த. ரெண்டு நிமிஷந்தான் இருந்துச்சு, வாட்ச்ச பாத்துகினேதான் இருந்தேன். அஞ்சு நிமிஷம் தாண்டுனா ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும்னு போட்டுகீது. உன் போன்ல அப்பான்னு இருந்த நம்பருக்கு அடிச்சிட்டேன்."

"எங்க போட்டிருக்கு?" என்று கேட்டேன். நாக்கு இன்னும் குழறியது.

"அதோ, அந்தக் கம்ப்யூட்டர் கடைக் கதவுல. தினம் அது எதிர்லதான வண்டி போடுறேன். ஒரு ஆளு சாவி குடுக்க வந்தான். வேணாம்யா, சும்மா தள்ளி நில்லு, காத்து வரட்டும்னு சொல்லிட்டேன்."

கண்ணில் நீர் வந்தது. வலியில் வருகிறதென்று அவர் நினைத்திருப்பார்.

அப்பா சீருடையோடு ஓடி வந்தார். ஓட்டுநர் நடந்ததை மறுபடி முதலிலிருந்து சொல்லி, கடைக் கதவைக் காட்டினார். சுற்றிலும் கூட்டம், எங்கள் தெருக்காரர்கள் மூன்று நான்கு பேர் அதில் இருந்தார்கள். அப்பா அந்தத் தாளின் அருகே போய் நின்று கடைசி வரி வரை படித்தார். திரும்பி வந்து ஓட்டுநரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அத எழுதுனது இவன்தாங்க. எம் புள்ள" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி.

எத்தனையோ முறை அந்தக் குரலை நினைத்துப் பார்த்திருக்கிறேன். தங்கையின் திருமணப் பேச்சில் ஓர் இடம் இதனால் தட்டிப்போனது உண்மை. "போனா போவுது" என்றார் அப்பா. அடுத்து வந்தவர்களிடம் முதல் நாளே அவராகவே சொல்லிவிட்டார். அவர்கள் வீட்டிலும் ஒருவருக்கு வலிப்பு இருந்தது.

இப்போது அந்தக் கட்டுரையை எத்தனையோ பேர் திருத்தியிருக்கிறார்கள். என்னுடைய வரிகள் அதில் சில மட்டுமே மிச்சம். அதில் எனக்குப் பெருமைதான்.

நான் விழுந்த அடுத்த வாரம், சனிக்கிழமை நான் கிளம்பும்போது அப்பாவும் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார்.

"கரென்ட் கம்பி அறுந்து கெடந்தா இன்னா பண்ணணும்னு அதுல போட்டிருக்கா?"

பிரௌசிங் சென்டருக்குப் போய்க் களஞ்சியத்தில் தேடிப் பார்த்தேன். இல்லை.

"அப்ப எழுது, நான் சொல்றேன்" என்று பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முதல் வரியிலேயே, 'எர்த்' என்று எழுதுவதா, 'நிலத்தொடுப்பு' என்று எழுதுவதா என்று எங்களுக்குள் சண்டை வந்துவிட்டது.